பழுப்பு நிறத்தவள்

1777 ஜனவரி. குக்கின் மூன்றாவது பயணக் கப்பல்கள் டாஸ்மேனியாவின் அட்வென்சர் விரிகுடாவில் நின்றன. கப்பல் மருத்துவர் வில்லியம் ஆண்டர்சன் அங்கே ஒரு குருவியைச் சேகரித்தார். எடை பத்து கிராம்தான், வால் எப்போதும் செங்குத்தாக நிற்கும். இன்று சூப்பர்ப் ஃபேரி ரென் என்கிறார்கள். அறிவியல் பெயரில் உள்ள ‘சயானியஸ்’ நீலத்தைக் குறிக்கும் சொல். நீலம் ஆணுக்கு மட்டும். பெண் வெறும் பழுப்பு. பெயரிலேயே அவளை விட்டுவிட்டார்கள்.

துப்பாக்கியோடு போனால் தோல் கிடைக்கும், குடும்பக் கதை கிடைக்காது. அதற்குக் கூட்டருகே உட்கார வேண்டும். கான்பராவில் இயன் ரௌலி குருவிகளின் காலில் வண்ண வளையம் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். 1965ல் அவர் எழுதியது: ஒரு கூட்டுக்கு இரை கொண்டுவருவது பெற்றோர் மட்டுமல்ல, கூடவே தங்கிவிட்ட ஆண்களும்தான். பெரும்பாலும் மூத்த பிள்ளைகள். கூட்டுக்குடும்பம்! கேட்க நமக்கு இதமாகத்தான் இருக்கிறது.

1994ல் வந்த மரபணுச் சோதனை அந்த இதத்தைக் கலைத்தது. குஞ்சுகளில் முக்கால்வாசிக்கு அப்பன் வெளியாள். பக்கத்து ஆண் வந்து மயக்கினான் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் விடியுமுன் இருட்டில் எல்லை தாண்டிப் போய்த் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்புவது அவள். உதவிக்கு ஆள் இருப்பதால் புருஷன் கோபித்துக்கொண்டாலும் குஞ்சுகள் பட்டினி கிடக்காது.

கான்பரா தாவரவியல் பூங்காவில் நானும் ஒரு கூட்டைப் பார்த்தேன். முழங்கால் உயரப் புதரில், புல்லும் சிலந்திவலையும் சேர்த்துக் கட்டிய உருண்டை, பக்கவாட்டில் வாசல். கட்டுவதும் அடைகாப்பதும் அவள் ஒருத்திதான். பத்தடி தள்ளி ஒரு மணி நேரம் நின்றேன். எனக்கு ஒண்ணும் கேட்கவில்லை.

அடிலெய்டு ஆய்வாளர்களுக்குக் கேட்டது. கூட்டில் வைத்த ஒலிவாங்கியில், அவள் முட்டைகளோடு பேசிக்கொண்டிருந்தாள். 2012ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு தாய்க்கும் தனிச் சுரம். பொரிந்த குஞ்சு அந்தச் சுரத்தைச் சேர்த்துத்தான் இரை கேட்கிறது. முட்டைகளைக் கூடு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். வளர்ப்புத்தாயின் சுரமே வந்தது. ஆக, ரத்தத்தில் வருவதல்ல, ஓட்டுக்குள் கற்பது.

எதற்கு இவ்வளவு? குயிலுக்காக. ஹார்ஸ்ஃபீல்ட் வெண்கலக் குயில் இந்தக் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும். சீக்கிரம் பொரியும் அதன் குஞ்சு மற்றவற்றை வெளியே தள்ளிவிடும். சுரம் தெரியாத குஞ்சைத் தாய் கைவிட்டுப் புதுக்கூடு கட்டப் போவாள். 2003ல் நயோமி லாங்மோர் குழு கணக்கெடுத்தபோது, குயில்குஞ்சு இருந்த கூடுகளில் நூற்றுக்கு நாற்பதை அப்படிக் கைவிட்டிருந்தார்கள். மீதியில் அந்தக் குஞ்சு தன்னைவிடச் சின்ன அம்மாவிடம் வாங்கித் தின்று வளர்கிறது.