சிக்கல் லேடர் நிரல்

ஆலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கருவிக்கு, அடுத்தவர் படித்தால் புரியக்கூடாது என்றே எழுதப்படும் லேடர் நிரல். லேடர் என்ற ஏணி வடிவ நிரல்முறை பிறந்த நோக்கத்துக்கே இது நேர் எதிர். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, இயந்திரங்களைக் கட்டுப்படுத்திய ரிலே பலகைகளுக்கு மாற்று தேடியது. டிக் மோர்லி குழுவினரின் மோடிகான் 084 என்ற பி.எல்.சி. அதையொட்டி உருவானது. ரிலே வரைபடத்தில் பழகிய எலக்ட்ரீஷியன் கணினி மொழி கற்காமலே பழுது பார்க்கட்டும் என்றுதான் அதே ஏணி வடிவத்தை நிரலுக்கும் வைத்தார்கள்.

கருவி பொதுவாக உள்ளீடுகளைப் படித்து, நிரலின் ஏணிப் படிகளை மேலிருந்து கீழாக ஓட்டி, பிறகே வெளியீடுகளை மாற்றும். குழப்புபவருக்கு இந்த வரிசைதான் ஆயுதம். ஒரு மோட்டாருக்கு ஸ்டார்ட், ஸ்டாப், ஹோல்டிங் கான்டாக்ட் சேர்ந்த ஒரே படி போதும். அதே காயிலை (படியின் முடிவில் வரும் வெளியீட்டை) 12ஆம் படியிலும் 340ஆம் படியிலும் எழுதிவிட்டால் கடைசியில் வருவதே செல்லும். 340ஆம் படி நிறைவேறாவிட்டால், திரையில் 12ஆம் படியின் கான்டாக்ட் எல்லாம் ஒளிரும், மோட்டார் அசையாது. செட் ஓரிடம், ரீசெட் வேறிடம் என்று சிதறடிப்பதும், பெயரில்லா பிட்களை நிரப்புவதும் உண்டு. கொடியது மறைமுக முகவரி: முகவரி ஓடும்போதுதான் முடிவாவதால் எந்த முகவரி எங்கே பயன்படுகிறது என்று காட்டும் கிராஸ் ரெஃபரன்ஸ் பட்டியலில் பிடிபடாது.

இப்படி எழுதுவது தொழில் ரகசியம் காக்க என்பார்கள். அதற்குக் கடவுச்சொல் பூட்டே இருக்கிறது. வேலையைக் காத்துக்கொள்ளும் ஆசையும் கலந்திருக்கும். ஆனால் சிக்கலெல்லாம் சதியல்ல. இரவு ஷிஃப்டில் ‘தற்காலிகமாக’ப் போட்ட பைபாஸ் கான்டாக்ட்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தாலும் நிரல் இப்படித்தான் ஆகும்.