கொள்ளை நோயும் தாதியின் கண்ணும்



அண்மையில் ஜும்ஆ முடிந்ததும் சோனகதெருவில் தந்தை ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்த அவரது மகள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்புகின்றாராம். "மௌலவி, இரவுக் கடமை இருக்கிறதே, நமது பிள்ளைகளுக்கு இது தகுமா?" என்று வினவினார். அவருக்குக் கூறியவற்றை இங்கு தருகின்றேன்.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி பன்முறை சூறையாடியது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்களோ அரசாங்க உத்தியோகம் பெற்று வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே கவனிப்பாரற்றுக் கிடந்தான். ஆகவே 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, பிரசவம், இரணவைத்தியம் பற்றிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். 1873இல் அவர் நாடு திரும்புவதற்குள் அறுபதிற்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றிருந்தனர். அவரது மார்க்கம் வேறு. மதப்பிரசார நோக்கமும் அவருக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நோயாளியின் மொழியறிந்தவர் அவன் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

அவர் பயிற்றியது வைத்தியர்களைத்தான். எனினும் அப்பாடம் இன்று தாதியருக்கே கூடுதலாகப் பொருந்தும். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பீடித்தது. 400 பேருக்கு மேல் மரணமடைந்தனர். டெங்குக் கிருமியை அழிக்கும் பிரத்தியேக மருந்து கிடையாது. உயிரைக் காப்பது பெரும்பாலும் கண்காணிப்பும் அளவறிந்து திரவம் கொடுப்பதுமேயாகும். காய்ச்சல் இறங்கும் வேளையிலேதான் இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் அபாய கட்டம் தொடங்கக்கூடும். பெற்றோராகிய நாமோ சுகமாகிவிட்டது, பிள்ளையை வீட்டுக்கு விடுங்கள் என்று நிற்போம்! தாதியோ குறித்த நேரத்துக்கொருமுறை நாடி பார்க்கின்றார். இரத்த அழுத்தத்தின் மேல் இலக்கத்துக்கும் கீழ் இலக்கத்துக்கும் உள்ள இடைவெளி குறுகுகின்றதா, கை கால் குளிர்கின்றதா எனக் கவனித்துக் குறிக்கின்றார். சேலைன் குறைந்தாலும் ஆபத்து. கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோர்க்கும். "விடிந்ததிலிருந்து பிள்ளை எத்தனை தரம் சலம் கழித்தது?" என்ற வினாவைத் தாய்க்கு விளங்கும் மொழியில், அவர் கூச்சமின்றிப் பதில் கூறும் வண்ணம் கேட்க வேண்டும். நமது தாய்மார் ஆண்களிடம் எத்தனையோ விடயங்களைக் கூறாமலே விடுகின்றனர் என்பதை நாம் அறியாதவர்களல்லர். அபாய கட்டம் இரவென்றும் பகலென்றும் பார்ப்பதில்லை. இரவுக் கடமை அதற்காகத்தான்.

தந்தை மௌனமாகக் கேட்டிருந்தார். பின்னர் ருஃபைதா (ரழி) அவர்களின் வரலாற்றைக் கூறினேன். ஹிஜ்ரி 5இல் அகழ் யுத்தத்தில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. நபி (ஸல்) அவர்கள் அவரை ருஃபைதாவின் கூடாரத்தில் சேர்க்கச் செய்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள். காயமுற்றோருக்கு ஒரு பெண்மணி சிகிச்சையளித்த அக்கூடாரம் எங்கே இருந்தது தெரியுமா என்று கேட்டேன். அவர் தெரியாது என்றார்.

மஸ்ஜிதுந் நபவியிலேதான் என்றேன்.

அவர் இன்னும் முடிவு கூறவில்லை. விண்ணப்பம் மட்டும் மேசை மீது இருப்பதாக மகள் என் மனைவியிடம் கூறியிருக்கிறார்.