வேட்டுவன் கட்டிய மண்வீடு

பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் எங்கள் மளிகைக் கடையின் மாடி விட்டத்தில் மண்குளவிக் கூடு இல்லாத வருஷமே கிடையாது. அதைத் தட்டிவிட அப்பாயி சம்மதிக்கமாட்டார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர் அவர். "புழுவைக் கொண்டாந்து வச்சு, கொட்டிக் கொட்டித் தன்னை மாதிரியே ஆக்குதுடா. கலைச்சா பாவம்" என்பார். குருவின் உபதேசத்தால் சீடனும் குருவாகவே ஆகிறான் என்பதற்கு நம் சமய நூல்கள் சொல்லும் உவமை அது. அந்தக் குளவியை வேட்டுவன் என்றும் சொல்வார்கள்.

கப்பலில் வந்த இந்த நம்பிக்கை, பக்கத்துத் தெருச் சீனர்களின் முன்னோரிடமும் இருந்தது. ஷிஜிங் என்னும் அவர்களுடைய பழம்பாடல் தொகையிலேயே குளவி பச்சைப்புழுவின் குஞ்சைத் தூக்கிப் போகிறது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் யாங் சியோங் என்ற அறிஞர், தன்னைப் போல் ஆகச் சொல்லிக் குளவி புழுவிடம் ஓதுவதாக எழுதினார். கன்பூசியஸின் சீடர்களும் அப்படித்தான் அவரைப் போல் ஆனார்களாம். குருவும் சீடனும் இரு மொழியிலும் ஒரே பூச்சியில் வந்து சேர்வதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஓதும் சத்தம் கற்பனையும் அல்ல. ஈரமண் உருண்டையைத் தாடையால் அப்பும்போது குளவி உடம்பை அதிரவைத்து ரீங்கரிக்கும். உள்ளே போவது இரை, பல நாள் கழித்து வெளியே வருவது குளவி. நடுவில் நடப்பதைக் காணாதவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? தாவோ ஹோங்ஜிங் (456–536) என்ற மருந்துநூல் ஆசிரியர் உற்றுப் பார்த்தார். தினையளவு முட்டையைக் குளவியே இடுகிறது, பத்துக்கு மேற்பட்ட சிலந்திகளைப் பிடித்து அறையை நிரப்பி வாயை அடைக்கிறது, அத்தனையும் குஞ்சுக்கு உணவு என்று எழுதிவைத்தார். மாபெரும் கண்டுபிடிப்பு அது.

எங்கள் விட்டத்துக் கூட்டிலும் சிலந்திகள்தான். குளவியின் நஞ்சு அவற்றின் அசைவை மட்டும் பறிக்கும். உயிர் இருப்பதால் இரை அழுகாது. இதன் உறவான ஸ்பெக்ஸ் குளவிகள் தரையைத் தோண்டும். வெட்டுக்கிளியையோ சில்வண்டையோ முடக்கி, உணர்கொம்பைப் பற்றி வளைக்குள் இழுத்துப் போகும். 1781இல் பூச்சியியலாளர் பப்ரீசியஸ் நம் மண்குளவி ஒன்றையும் ஸ்பெக்ஸ் என்றே எழுதி, மதராஸப்பட்டணத்தின் பெயரைச் சூட்டினார். பிற்பாடு பேரினம் மாறியும் ஊர்ப்பெயர் போகவில்லை. இன்று அது ஸ்கெலிப்ரான் மதராஸ்பதானம்.

இங்கே கடைவீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கூடுகளையும் சுரண்டித் தள்ளுகிறார்கள். மண்குளவி கூட்டமாக வாழ்வதில்லை. கூட்டைக் காக்க ஆளைத் துரத்திக் கொட்டுவதுமில்லை. ஒவ்வோர் அறையிலும் துளை விழுந்திருந்தால் குஞ்சுகள் பறந்துவிட்டன, கூட்டை எடுத்துவிடலாம். துளை இல்லாவிட்டால் சில வாரங்கள் பொறுத்து, அந்த இடத்துக்குப் பெயின்ட் அடியுங்கள்.