உஷாஹிதி
உஷாஹிதி என்பது பொதுமக்கள் அனுப்பும் தகவல்களை வரைபடத்தில் குறிக்கும் கட்டற்ற மென்பொருள். கென்யாவில் பிறந்த இலாப நோக்கற்ற அமைப்பின் பெயரும் அதுவே. சுவாகிலியில் ‘சாட்சியம்’ என்று பொருள். 2007 டிசம்பர் தேர்தலையடுத்து வன்முறை வெடித்தபோது, ஓரி ஒகோலோ உள்ளிட்டோர் 2008 ஜனவரியில் இதைத் தொடங்கினர். குறுஞ்செய்தியே போதும் என்பதுதான் இதன் பெரும் வலிமை. இணையம் எட்டாதவரும் சாட்சியாகிறார். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது 4636 என்ற எண்ணுக்கு வந்த கிரியோல் மொழிச் செய்திகளைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்து, இடமறிந்து வரைபடத்தில் சேர்த்தனர்.

சரிபார்க்காத தகவல் வதந்தியாகும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் ஒரே இடத்திலிருந்து பலர் தனித்தனியே அனுப்பும் செய்திகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. சரிபார்த்தவற்றைப் பிரித்துக் காட்டவும் மென்பொருளில் வழியுண்டு. இதைவிடக் கடுமையான குறை வேறு: கைப்பேசி இல்லாதோரின் துயரம் வரைபடத்தில் வெற்றிடமாகவே நிற்கிறது. அதை நிரப்பக் கள ஆய்வு தவிர வேறு வழியில்லை.