500 காப்பி மட்டுமே வந்த ராப் ரெக்கார்டு: தேடி அலைபவர்கள் ஏன்? தூத்துக்குடி பரணில் என்ன இருக்கலாம்?

தூத்துக்குடி பக்கம் பழைய வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் இருந்து இரண்டு சாமான் கட்டாயம் இறங்கும். ஒன்று பித்தளைப் பாத்திரம். இன்னொன்று கேசட்டும் இசைத்தட்டும் அடைத்த அட்டைப்பெட்டி. பாத்திரத்தைத் தேய்த்து எடுத்து வைப்பார்கள். பெட்டி அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஏனென்றால் ஹிப்ஹாப் ரெக்கார்டு சேகரிக்கும் உலகத்தில் தமிழ்ப் பாட்டுக்கும் ஒரு இடம் இருக்கிறது.

ஹிப்ஹாப்புக்கும் ரெக்கார்டுக்கும் என்ன தொடர்பு?

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டு விருந்து. டிஜே கூல் ஹெர்க், ஒரு பாட்டில் வெறும் தாளம் மட்டும் வரும் இடத்தை இரண்டு பிளேயர்களில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கும் தன் உத்தியை அங்கேதான் அரங்கேற்றினார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று பலரும் சொல்வது இதைத்தான். அதாவது இந்த இசை பிறந்ததே பழைய ரெக்கார்டில் இருந்து.

ராப் பாட்டு பெரிய அளவில் ரெக்கார்டாக வந்து ஓடியது 1979இல், 'ராப்பர்ஸ் டிலைட்' மூலம். அதன் பிறகு சின்னச் சின்ன கம்பெனிகள், சில சமயம் பாடகர்களே கைக்காசு போட்டு, சில நூறு தட்டுகள் மட்டும் அடித்து விற்றார்கள். கடைக்குப் போகும் முன் டிஜேக்களுக்குக் கொடுக்கும் தட்டில் பெயர்கூட இருக்காது. நடுவில் வெறும் வெள்ளைத் தாள். அதனால்தான் அதற்கு 'ஒயிட் லேபிள்' என்று பெயர். அண்டர்கிரவுண்ட் ரெக்கார்டு என்று சேகரிப்பவர்கள் சொல்வது இந்த மாதிரி சரக்கைத்தான்.

இதில் பெரிய பெயர் 1983இல் வந்த 'பீட் பாப்'. ராமெல்ஸியும் கே-ராபும் பாடியது. அட்டைப்படம் வரைந்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் பாஸ்கியா. அவரே போட்ட அந்த முதல் பதிப்பு சுமார் 500 காப்பிதான். அதன் சோதனைத் தட்டு ஒன்று 2020இல் 1,26,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 90 லட்சம் ரூபாய்! அதே பாட்டை அதே வருடம் வேறொரு கம்பெனியும் வெளியிட்டது. பாட்டு ஒன்றுதான், ஆனால் அந்தத் தட்டுக்கு இந்த விலை கிடையாது.

வு-டாங் கிளான் குழு இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு ஆல்பத்தை உலகத்துக்கே ஒரே ஒரு காப்பியாகச் செய்து 2015இல் விற்றது. அது வியாபாரம். தானாகவே அபூர்வமாகிப் போனவைதான் சுவாரசியம்.

தமிழர் பெயர் எங்கே வருகிறது?

லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போருக்குத் தப்பி மறுபடி லண்டன் போனவர் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். அவருடைய முதல் சிங்கிளான 'கலாங்' 2003இல் ஒரு சின்ன கம்பெனி மூலம் வெறும் 500 தட்டுகளாக வந்தது. அடுத்த ஆண்டு டிஜே டிப்லோவுடன் சேர்ந்து செய்த 'பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்' மிக்ஸ்டேப்பில் மற்றவர்களின் பாட்டுத் துண்டுகள் அனுமதி வாங்காமலே இருந்தன. அதனால் வழக்கமான முறையில் கடைக்கு வர வழியே இல்லாமல், கைமாறிக் கைமாறித்தான் பரவியது.

மலேசியாவில் கதை இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. 'பொயட்டிக் அம்மோ' குழு 1990களிலேயே ஆங்கிலம், மலாய், தமிழ் என்று மொழி கலந்து ராப் பாடியது. அதில் இருந்த யோகி பி, பிறகு 'நட்சத்ரா'வோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டு வந்தார். 'மடை திறந்து' ஞாபகம் இருக்கிறதா? 'நிழல்கள்' படப் பாட்டை ராப் ஆக்கியது அந்த ஆல்பம்தான்.

தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் அதைக் கேட்டது செல்போன் மெமரி கார்டில். ஒரிஜினல் சிடியைக் கையில் பிடித்தவர்கள் குறைவு. தமிழ் ராப்பில் தேட வேண்டியது பெரும்பாலும் கறுப்புத் தட்டு இல்லை, சிடியும் கேசட்டும்தான். தட்டாவது அறுபது வருடம் கழித்தும் பாடும். வீட்டில் எழுதிய சிடிக்கு அந்த உறுதி கிடையாது.

இளையராஜா தட்டை வெளிநாட்டுக்காரர் ஏன் தேடுகிறார்?

பீட் போடுபவர்களுக்கு, யாரும் எடுத்துப் பயன்படுத்தாத ஒலி வேண்டும். 'பிளாக் ஐட் பீஸ்' குழு 2003இல் 'எலிஃபங்க் தீம்' பாட்டுக்கு எடுத்தது 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் 'உனக்கும் எனக்கும்'. எம்.ஐ.ஏ. 2007இல் 'பாம்பூ பங்கா'வில் பயன்படுத்தியது 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'. 2011இல் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இளையராஜாவின் எலெக்ட்ரானிக் பாணிப் பாட்டுகளைத் தொகுத்து 'சொல்ல சொல்ல' என்ற பெயரில் தட்டாகவே வெளியிட்டது. எக்கோ, இன்ரிகோ லேபிள் ஒட்டிய பழைய தட்டுகளுக்கு வெளியூர் கிராக்கி வந்த வழி இது.

தூத்துக்குடி கடற்கரைக்கு என்ன சிறப்பு?

கொழும்பு. அவ்வளவுதான் பதில். 1914இல் பாம்பன் வழி திறக்கும் வரை, இலங்கைக்குப் போகும் ரயில் பயணிகள் இறங்கிக் கப்பல் ஏறியது தூத்துக்குடியில். அதற்குப் பிறகும் தோணிகள் போய் வந்துகொண்டிருந்தன. தோணி போகாத வீட்டுக்குள்ளும் இலங்கை வானொலி போனது. தென்கோடியில் ரேடியோவைத் திருப்பினால் உள்ளூர் நிலையத்துக்குப் போட்டியாக அது கேட்கும்.

அந்த ரேடியோ வழியாக வந்ததுதான் ஈழத்துப் பொப் இசை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் சினிமாவில் பிறந்த பாட்டு இல்லை. கித்தாரும் கைத்தட்டலும் தெருப் பேச்சும் கலந்தவை. 'சுராங்கனி' தமிழ் சினிமாவுக்குள்ளும் நுழைந்தது. கூடவே வந்த எத்தனையோ பாட்டுகள் நுழையவில்லை. சினிமா கம்பெனி பின்னால் இல்லாத பாட்டுக்கு மறுபதிப்பு போட ஆள் இல்லை. இலங்கைப் போரில் வீடுகளோடு சேர்ந்து பெட்டிகளும் போயின. அந்த நாட்டில் அழிந்த ஒரு தட்டு இந்தக் கரையில் ஒரு பரணில் கிடக்க வாய்ப்பு உண்டு. ராப் அளவுக்கு விலை போகாவிட்டாலும், ஒரு பாட்டின் கடைசிப் பிரதியாக அது இருக்கலாம்.

தேட வேண்டிய இன்னொரு இடம் பழைய ரேடியோ செட்காரர்கள் வீடு. கல்யாணம், கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியவர்கள் அவர்கள். தட்டு நிறைய இருக்கும். ஆனால் கனமான ஊசியில் நூற்றுக்கணக்கான தடவை ஓடியிருக்கும், அதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உப்புக்காற்று என்ன செய்யும்?

உப்பளம் இருக்கும் ஊரில் ரெக்கார்டு வைப்பது லேசான காரியம் இல்லை. ஈரம் முதலில் தாக்குவது அட்டையையும் கேசட் டேப்பையும். டேப்பில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே டேப்ரெக்கார்டரில் போட்டால் டேப் அறுந்து போகலாம். அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். வினைல் தட்டுக்கு எதிரி வெயில். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தாலும் நெளிந்துவிடும். புத்தகம் மாதிரி நிறுத்திதான் வைக்க வேண்டும்.

78 வேகத்தில் ஓடும் பழைய தட்டு வேறு ஜாதி. அது அரக்கு கலந்தது, விழுந்தால் உடையும். ஆல்கஹால் உள்ள திரவத்தால் துடைத்தால் மேல்பரப்பே கரையும். எல்.பி. ஊசியில் அதை ஓட்டவும் கூடாது.

ஒரிஜினல் என்று எப்படித் தெரியும்?

அட்டையை நம்பக் கூடாது, அட்டை மாறியிருக்கலாம். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்றிடத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் கீறியிருக்கும். எந்த அச்சில் அடித்தது என்பதை அதுதான் சொல்லும். டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு ஒப்பிடலாம். எந்தப் பதிப்பு என்ன விலைக்குப் போனது என்பதும் அங்கே தெரியும்.

தரம் சொல்லும் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. சேகரிப்பவர் பாஷையில் 'வெரி குட்' என்றால் ரொம்ப நல்லது என்று அர்த்தம் இல்லை. கீறல் இருக்கு, இரைச்சல் கேட்கும், ஆனா ஓடும் என்று அர்த்தம். 'குட்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் வாங்காமல் விடலாம்.

தட்டு கையில் இருந்தால் பாட்டு நம்முடையதா?

இல்லை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். பாடல் வரிக்கும் இசைக்கும் தனியாக, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. தட்டை விற்கலாம், வாங்கலாம். அதில் உள்ள பாட்டை யூடியூபில் ஏற்றுவது வேறு விவகாரம்.

பரணில் பெட்டி இருந்தால் முதலில் எடுக்க வேண்டியது கேசட்டையும் வீட்டில் எழுதிய சிடியையும். தட்டுகள் கொஞ்ச நாள் காத்திருக்கும்.