டிரெஸ்ஸிங் டிரம்மில் விழுந்த முதல் வாக்கு

என் முதல் வாக்கை நான் போட்டது 1978இல், கோவைப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் நர்சிங் பள்ளியில். மாணவர் சங்கச் செயலாளருக்கான தேர்தல் அது. வாக்குப் பெட்டிக்கு எங்கே போவது? பஞ்சும் கட்டுத்துணியும் அடைத்து ஆட்டோகிளேவில் ஏற்றும் டிரெஸ்ஸிங் டிரம் ஒன்றைத் துடைத்து மேசை மேல் வைத்தார்கள். மூடியை இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பிளாஸ்டர் போட்டு நிறுத்தியிருந்தார்கள். வார்டுக்குப் போகிறவர்களும் டியூட்டி முடித்து வருகிறவர்களும் வரிசையாக வந்து சீட்டை மடித்து உள்ளே போட்டோம். எண்ணுவதற்காகச் சீட்டுகளைக் கொட்டியது கிட்னி டிரேயில்.

கூடப் படித்த பெண்களுக்கு அது அரைமணி நேரத்துச் சோலி. எனக்குத்தான் கை நடுங்கியது. நான் இலங்கையில் பெல்மதுளைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அந்த மண்ணிலேயே பிறந்து, கொழுந்து பறித்து, ரப்பர் பால் வெட்டி, பிள்ளைகளைப் பெற்று, ஒரு தேர்தலிலும் வாக்குப் போடாமலே கப்பலேறியவர்கள். தாதியர் மாணவர் சங்கத்தின் கதையை எழுத உட்கார்ந்தால் எனக்கு அது வாக்குரிமையின் கதையாகவும் ஆகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தோட்டத்து வைத்தியத்துக்கு இலங்கையில் நீண்ட வரலாறு உண்டு. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் வந்தது. 1912இல் மறுபடியும் சட்டம் செய்தார்கள். இரக்கம் கொஞ்சம் இருந்திருக்கலாம். கணக்கு நிறைய இருந்தது. காய்ச்சலில் கிடப்பவன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வரமாட்டான், பிரட்டில் ஆள் குறைந்தால் மலையில் கொழுந்து முற்றிவிடும். 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை இலங்கையில் தொடங்கியபோதும் முதலில் தேடி வந்தது தோட்டத்து லயங்களைத்தான். எங்கள் பாட்டன் பாட்டிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள், மலத்தைச் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள்.

என் சிறு வயதில் எங்கள் தோட்டத்திலும் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அதில் இருந்தவரை ‘டொக்டர் ஐயா’ என்போம். அவருக்கு அடுத்தபடியாக மருத்துவிச்சி. அதற்கும் அடுத்தபடி பிள்ளைமடுவத்து ஆயா. மேலே இருந்த இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள். லயத்திலிருந்து போனவர் ஆயா மட்டும். புண்ணைக் கட்டுவது, காய்ச்சல்காரருக்குக் கஞ்சி ஊட்டுவது, பிரசவித்தவளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நம் பெண்கள் காலகாலமாகச் செய்ததுதான். வெள்ளைச் சீருடைக்கும் சம்பளத்துக்கும் மட்டும் அவர்கள் தகுதி பெறவில்லை.

ஏன் பெறவில்லை என்பதற்குக் காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் நோயாளரைக் கவனிக்க 1886இல் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் வந்து சேர்ந்தார்கள். 1939இல் கொழும்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அதே 1939இல்தான் நேரு இலங்கைக்கு வந்து, இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1947 பொதுத் தேர்தலில் அந்தக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அவற்றில் ஒன்றுகூட எங்கள் சபரகமுவை மாகாணத்தில் இல்லை. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. நுவரெலியா மாதிரி ஓரிடத்தில் எண்ணிக்கை சேராது. ஆனாலும் எங்கள் தாத்தா அந்தத் தேர்தலில் வாக்குப் போட்டவர். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை. 1948இல் தோட்ட மக்களில் பெரும்பாலோரைப் பிரஜையல்லாதவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்காளர் பட்டியலிலிருந்தும் தோட்ட மக்களின் பெயர்கள் போயின.

வாக்கு போனதோடு அரசாங்க உத்தியோகமும் போனது. தாதியர் பயிற்சி அரசாங்க நியமனம். பிரஜையல்லாதவர் விண்ணப்பம் போடவே வழியில்லை. அப்படியே வழி இருந்திருந்தாலும், தோட்டப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். ஐந்தாம் வகுப்புப் படித்தவளை எந்த நர்சிங் பள்ளி சேர்க்கும்? தோட்டத்தில் தொழிற்சங்கம் இல்லாமலில்லை. மாதச் சந்தா சம்பளத்திலேயே பிடிபடும், அம்மாவும் கட்டினாள். கூட்டத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். அம்மா கடைசி வரிசையில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு நின்றாள், உட்கார்ந்ததைக்கூட நான் பார்த்ததில்லை.

1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பா இந்தியக் கணக்கில், சித்தப்பா இலங்கைக் கணக்கில். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். கோதுமை மாவுக்கே வழியில்லாமல் மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்ற நாட்கள். தலைமன்னாருக்கு ரயில், ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு அங்கே தேயிலை நட்டிருந்தது. அப்பா மறுபடியும் தேயிலைக்கே போனார். நான் பள்ளிக்கூடம் போனேன். அங்கே பத்தாம் வகுப்புக்கு மேலும் வகுப்பு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் என்னை நர்சாக்கியது.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குச் சங்கம் கண்டவர்களும் முதலில் வெள்ளைக்காரப் பெண்கள்தான். 1905இல் லக்னோவில் நர்சிங் கண்காணிப்பாளர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். 1908இல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவானது. 1910இல் அது தன் சஞ்சிகையைத் தொடங்கியது; 1912இல் உலகச் செவிலியர் மன்றத்தில் சேர்ந்தது. மாணவிகளுக்கென்று தனிக் கிளை, அதாவது தாதியர் மாணவர் சங்கம், 1929இல் வந்தது. நாங்கள் சுருக்கமாக ‘எஸ்என்ஏ’ என்போம்.

மாணவிகளுக்கு எதற்குத் தனியாக ஒரு சங்கம் என்று இன்றைக்குக் கேட்கலாம். அந்தக் காலத்து நர்சிங் மாணவி பாதி மாணவி, பாதி வேலைக்காரி. ஆஸ்பத்திரியின் இரவு டியூட்டியில் பெரும்பங்கு அவள் தலையில். பெட்பேன் எடுப்பதிலிருந்து ஊசி போடுவது வரை அவள் கை. 1946இல் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு கொடுத்த அறிக்கையைப் பார்த்தால் நிலைமை விளங்கும்: பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் பயிற்சி பெற்ற செவிலியர் சுமார் 7,000 பேர், 43,000 மக்களுக்கு ஒருவர். மீதி வேலையை யார் செய்திருப்பார்கள்? பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படித்த பெண்கள். வீட்டை விட்டு வந்தவர்கள், எதிர்த்துப் பேசத் தெரியாதவர்கள், ‘நர்ஸா?’ என்று முகம் சுளித்த உறவுகளைத் தாண்டி வந்தவர்கள். கூடிப் பேச ஒரு இடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

சங்கம் அதிகாரிகளை எதிர்த்துக் கொடி பிடித்தது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கிளைக்கு ஆலோசகராக இருந்தவர் ஒரு டியூட்டர். கூட்டத்தில் அவரும் இருப்பார், பிரின்சிபால் சிஸ்டருக்கு எல்லாம் போய்ச் சேரும். சம்பளத்துக்குச் சண்டை போடும் சங்கம் இல்லை அது. ஆனால் அது ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. யாராவது முன்மொழிய வேண்டும், யாராவது வழிமொழிய வேண்டும், கை தூக்கி எண்ண வேண்டும், எண்ணியதை எழுத வேண்டும். எழுதியதை அடுத்த கூட்டத்தில் வாசித்து, சரியென்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் கையெழுத்து. நான் அடுத்த ஆண்டு செயலாளராக நின்று வென்றேன். கோடு போட்ட நீண்ட நோட்டு, மேலே பழுப்பு அட்டை. அதுதான் கூட்டக் குறிப்பேடு. விடுதித் தண்ணீர்க் குழாய் காலையில் அரைமணி நேரம் முன்னதாகத் திறக்கப்பட வேண்டும் என்பது நான் எழுதிய முதல் தீர்மானம். முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயர், ஆதரவு, எதிர்ப்பு எல்லாம் எழுதி டியூட்டரிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் தண்ணீர் வந்தது. நாலு பேர் போய்க் கெஞ்சியபோது வராத தண்ணீர்.

ஒவ்வொருவரிடமும் சங்கத்து டைரி ஒன்று இருக்கும். படிப்புக்கு வெளியே செய்ததெல்லாம் அதில் ஏற வேண்டும்: கண்காட்சிக்கு வரைந்த படம், மாநாட்டில் வாசித்த கட்டுரை, சேர்த்துக் கொடுத்த நிதி, ஊருக்குப் போய்ச் செய்த வேலை. போட்டிகள் வைப்பார்கள், பரிசு கொடுப்பார்கள். மாநில மாநாட்டுக்குப் போனால் மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் நம் வயதுப் பெண்கள். மேசைக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்ததை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

எங்கள் கிளையின் செயல்திட்டத்துக்கு இடம் பார்த்தபோது நான் நீலகிரியில் அப்பா வேலை செய்த தோட்டத்தைச் சொன்னேன். லயம் லயமாகப் போனோம். செருப்பில்லாத கால்களைப் பார்த்தோம், கண் இமையை இழுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தோம், கக்கூஸ் இல்லாத வரிசைகளைக் குறித்துக்கொண்டோம். “எங்க புள்ளையா வந்து எழுதுது?” என்று ஒரு கிழவி கேட்டாள். அவளும் இலங்கையிலிருந்து, கஹவத்தைப் பக்கத்திலிருந்து வந்தவள். கொக்கிப்புழுவுக்காக வெளியிலிருந்து வந்தவர்கள் எங்களை எண்ணி அறுபது ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது. அன்றைக்கு எண்ணியது லயத்துப் பிள்ளை. தோட்ட நிர்வாகத்துக்கு நாங்கள் அனுப்பிய அறிக்கையின் அடியில் கையெழுத்து என்னுடையது.

இன்னொரு நாட்டுச் சங்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தேசிய அளவில் தாதியர் மாணவர் சங்கம் 1952இல்தான் தொடங்கியது, இந்தியாவுக்கு இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து. பிந்தி வந்தாலும் ஒரு விஷயத்தில் அவர்கள் முந்திக்கொண்டார்கள். 1965இல் அந்தச் சங்கம் ஒரு திட்டம் வகுத்தது: நர்சிங் பள்ளிக்குள் வர வழி தெரியாதிருந்த கறுப்பின மாணவர்களையும் மற்றச் சிறுபான்மையினரையும் அவர்கள் இருக்குமிடம் தேடிப்போய்ச் சேர்ப்பது. சங்கத்தின் வேலை உள்ளே இருப்பவர்களின் சௌகரியத்தோடு முடிந்துவிடக் கூடாது, வெளியே நிற்பவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களே முடிவு செய்தார்கள். நான் படித்த சங்க வரலாறுகளில் இதைவிடப் பெரிய தீர்மானம் எனக்குத் தெரியவில்லை.

பெல்மதுளைக்கு வருகிறேன். இலங்கைக் கணக்கில் நின்ற சித்தப்பா குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாடற்றவர் என்று மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 1988இல் ஒரு சட்டமும் 2003இல் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. தாதியர் பேரவைச் சட்டம் வந்ததும் அதே 1988இல். ஆக, காகிதத்தில் வழி திறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தோட்டப் பாடசாலைகளும் அரசாங்கத்திடம் போய்விட்டன. ஆனால் தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். தமிழில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலை சபரகமுவைத் தோட்டப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் எத்தனை இருக்கிறது என்று கேட்டால், சித்தப்பா மகன் விரலை மடக்கத் தொடங்கி உடனே நிறுத்திவிடுகிறான். 1948இல் சட்டம் பூட்டிய வழியை இன்றைக்குப் பாடப்பிரிவு பூட்டி வைத்திருக்கிறது.

அவன் மகள் இந்த ஆண்டு சாதாரண தரம் எழுதுகிறாள். நர்சாக வேண்டுமாம். தொலைபேசியில் கேட்டாள்: “அத்தை, சங்கத்துல எல்லாம் சேர்ந்தா படிப்பு கெட்டுப் போயிறாதா?”

கெட்டுப் போகாது, பிள்ளை. மருந்தின் அளவையும் நாடித் துடிப்பையும் பாடப்புத்தகம் சொல்லித்தரும். பெரிய டொக்டர் தவறான அளவு எழுதினால் ‘சேர், ஒருக்கா பாருங்கள்’ என்று சொல்லும் துணிவு புத்தகத்தில் வராது. அதைக் கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக வேண்டும். வார்டில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் நோயாளியைக் காப்பாற்றியது பல தடவை அந்தப் பழக்கம்தான்.

இரத்தினபுரியில் இன்று தாதியர் கல்லூரி இருக்கிறது. பெல்மதுளையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு, எந்த இனத்தவராயினும், ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழாவும் பிரியாவிடையும் நடத்தட்டும், அதோடு ஒரு நாள் தோட்டப் பாடசாலைகளுக்கும் போகட்டும். என்ன பாடம் எடுக்க வேண்டும், வர்த்தமானியில் விண்ணப்பம் எப்படி வரும், அதை எப்படி நிரப்புவது என்று தமிழில் சொல்லிக்கொடுங்கள். பதினொன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போன பிறகு சொல்வதில் பயனில்லை.