தார் சுற்றும் கைகள்

ஆர்.கே.பேட்டைத் தெருக்களில் தறிச்சத்தம் கேட்காமல் நடக்க முடியாது. நெசவாளி என்றதும் தறியை ஓட்டும் ஆண் நினைவுக்கு வருகிறான். அவனுக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் பெண்ணின் உழைப்பு வீட்டுவேலையோடு வீட்டுவேலையாகக் கரைந்துபோகிறது.

கணினியின் கதையும் தறியில்தான் தொடங்குகிறது. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூ விழச்செய்தார். அந்த அட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1843-இல் அதற்கு விரிவான குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ், பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் சொல்லத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்றார்.

கதைகள் வேறுவிதமாகப் பயமுறுத்தின. 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் ஹால் 9000, மனிதர்களின் கட்டளையை மறுத்து அவர்களையே கொல்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெறவும் நிலாவுக்கு அரசின் அனுமதி வேண்டும். கல்லூரிப் பருவத்தில் நான் ஜீனோ என்ற நாயைத்தான் ரசித்தேன். அந்த அனுமதிச்சீட்டு இப்போதுதான் உறுத்துகிறது.

நிஜத்தின் ஆபத்து கலகம் செய்யும் இயந்திரத்திடம் இல்லை; சொன்னபடி கேட்கும் இயந்திரத்திடம் இருக்கிறது. 2018-இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதற்குக் காட்டப்பட்ட முகங்களில் நாம் குறைவாக இருந்தோம்.

நம் நாட்டில் 2025 ஜூலை முதல், அங்கன்வாடியில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வீட்டுக்கு வாங்கிச் செல்லும் சத்துணவுக்கு 'போஷன் டிராக்கர்' செயலியில் முக அடையாளம் கட்டாயமாயிற்று. இது வேறு வகை மென்பொருள். ஆனால் கேள்வி அதேதான். முகம் பொருந்தவில்லை என்று திரை சொன்னால், எதிரே நிற்கும் ஊழியருக்கு அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும் என்பதற்கு என்ன மதிப்பு? திட்டுவாங்குகிறவளும் பெண், திரும்பிப்போகிறவளும் பெண்.

ஹாலை நிறுத்த ஒரு விண்வெளி வீரன் போதும். இதை நிறுத்த, தெரிந்த முகத்தை நம்பிக் கொடுக்கும் உரிமை அந்த ஊழியருக்கு வேண்டும். மறுக்கப்பட்டவள் காரணம் கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

அட்டையில் துளை போடுகிறவர் யார் என்று கேட்பது தறிக்காரர் ஊருக்குப் புதிதல்ல. தார் சுற்றுகிறவளும் இனி அதைக் கேட்கவேண்டும்.